எஞ்சின் ஆறியிருக்கும்போதே போங்கள்: பழைய பெரிய ஜீப் வாங்குமுன் அறிகுறிப்படி சோதிக்கும் வழி

விற்பவரின் வீட்டு வாசலில் ஜீப் நிற்கிறது. கதவைத் திறக்குமுன் பொனெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் நல்ல முகத்தோடு, "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வாறன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பெரிய டீசல் எஞ்சினின் வருத்தங்கள் பலவும் அது ஆறியிருக்கும் முதல் பத்து நிமிடத்தில்தான் வாய் திறக்கும். சூடேறியதும் உலோகம் விரிந்து இடைவெளிகள் சுருங்கும். புகை அடங்கும், தட்டல் மறையும், நீங்களும் மயங்குவீர்கள்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். 2016 இல் ஒருவரிடம் 2005 ஆம் ஆண்டுப் பிராடோ ஒன்று வாங்கினேன். மாலை ஐந்து மணிக்குப் போனபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏசி குளிரட்டும் எண்டு போட்டு வச்சன் தம்பி" என்றார். நாலு மாதம் கழித்துக் கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒயில் விளக்கு எரிந்தது. கராஜில் சம்பை (எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியை) கழற்றிய பாஸ், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் இருக்கும் வலையை என் கையில் தந்தார். தாரைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கரி இறுகி, முக்கால்வாசிக் கண்ணை அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், பெயரவில்லை. இரண்டு பேரிங் போய்விட்டிருந்தது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த ஜீப்புகளையே ஒட்டுப்போட்டு ஓட்டினோம். இன்றைக்குக் கொழும்பில் கைமாறுகிறவற்றில் பதினைந்து, இருபது வயது டொயோட்டா பிராடோக்களும் மிட்சுபிஷி மொன்டேரோக்களும் நிசான் பற்றோல்களும் நிறைய. அதனால் குறையே இல்லாத ஜீப்பைத் தேடி அலைய வேண்டாம். எந்தக் குறையை விலையில் கழிக்கலாம், எந்தக் குறையைக் கண்டால் கிளம்பிவிட வேண்டும் என்று பிரித்தறிவதுதான் கீழே உள்ள வேலை.

ஆறின ஸ்டார்ட்டில் புகை வந்தால்

விற்பவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் நிறம் தெளிவாகத் தெரியும்.

வெள்ளைப் புகை கண்ணைக் கரித்து, டீசல் மணத்தோடு ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால், டீசல் எரியாமல் வெளியே வருகிறது. குளோ பிளக் (ஆறின எஞ்சினுக்குள் சூடேற்றும் முனை), இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சும் முனை), அமுக்கக் குறைவு மூன்றில் ஒன்று. நுவரெலியாவின் மார்கழிக் குளிரில் இதைக் கொஞ்சம் பொறுக்கலாம். கொழும்பில் விடிகாலையிலும் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். இங்கே வெள்ளைப் புகைக்குக் குளிரைச் சாட்டுச் சொன்னால் ஏற்காதீர்கள். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்று, இனிப்பு மணம் அடித்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) எரிகிறது. அந்த வண்டியிலிருந்து கிளம்பலாம்.

நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பொதி வந்து அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல், விலை பேசலாம். ஓடும்போதும் விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கோ டேர்போவோ தேய்ந்திருக்கிறது. டேர்போவுக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். மெல்லிய ஈரம் வழமை, ஒயில் தேங்கி நின்றால் வழமையில்லை.

கறுப்புப் புகைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஏற்றத்தில் அழுத்தும்போது மட்டும் வந்தால் முதலில் காற்று வடிகட்டியையும் இன்டர்கூலர் குழாய்களின் கிளிப்புகளையும் பாருங்கள். அவை சரியாக இருந்தும் வந்தால், எரிந்த புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்குள் திருப்பி விடும் ஈஜிஆர் வால்வு, பிறகு இன்ஜெக்டர். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்தில் கலன்களில் சேர்த்து வைத்த டீசல் ஊற்றினார்களா? தண்ணீரும் தூசும் கலந்த டீசல் பொதுக்குழாய் (கொமன் ரெயில்) இன்ஜெக்டர்களுக்கு எமன்.

எஞ்சின் தட்டினால், கிலுகிலுத்தால்

சத்தத்தை வாகனத்துக்கு வாகனம் வேறு காதால் கேட்க வேண்டும்.

பிராடோ 120 மொடல் 2002 முதல் 2009 வரை வந்தது. அதன் 3.0 லீற்றர் 1கேடி டீசல் எஞ்சினின் பலவீனம், இன்ஜெக்டர் உட்காரும் இடத்துச் செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு மேல்மூடிக்குள் புகுந்து ஒயிலைக் கரியாக்கும். கரி சம்பில் இறங்கி, நான் கையில் வாங்கிய அந்த வலையை அடைக்கும். ஆறியிருக்கும்போது பொனெட்டைத் திறந்து, எஞ்சினின் மேல்பக்கம் 'சக் சக்' என்று மூச்சுவிடுகிற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பிறகு ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வழுவழுப்பான எண்ணெய் நல்லது. உலர்ந்த கரித்துகள் விரலில் ஒட்டினால் சம்பைக் கழற்றி வலையைக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்காதீர்கள். ஸ்கேனர் உள்ள கராஜில் சூடான எஞ்சினின் சும்மா ஓட்டத்தில் (ஐட்லிங்கில்) ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் வாசிக்கலாம். நாலும் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த இன்ஜெக்டரின் விலையைக் கழியுங்கள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் இருக்கிறது. மாற்றிய கராஜின் பில் இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரியாததை நம்ப முடியாது, அதை யாரும் அணைத்து வைக்கலாம்.

மொன்டேரோவின் 3.2 லீற்றர் 4எம்41 எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி. ஸ்டார்ட் பண்ணியதும் முன்பக்கத்தில் சங்கிலி உரசும் சத்தம் இரண்டு, மூன்று வினாடி வந்து மறைந்தால் டென்ஷனரும் வழிகாட்டிகளும் தேய்ந்து வருகின்றன. சூடான எஞ்சினில் இந்தச் சத்தம் பெரும்பாலும் கேட்காது. அதே மொன்டேரோவின் பொதுக்குழாய் வகையில் சும்மா ஓட்டம் ஏறி இறங்கி, சிக்னலில் நிற்கும்போது அணைந்து போனால், முதலில் டீசல் பம்பிலுள்ள உறிஞ்சல் கட்டுப்பாட்டு வால்வைச் சந்தேகியுங்கள். எஞ்சின் முழுக்கப் போய்விட்டது என்று பயந்து விற்கிற சிலரிடம் இந்த ஒரு வால்வால் நல்ல ஜீப் மலிவாகக் கிடைப்பதும் உண்டு.

நிசான் பற்றோல் வை61 இன் 3.0 லீற்றர் இசட்டி30 எஞ்சினில், தொடக்க வருடங்களில் வந்தவற்றில் பிஸ்டன் உருகிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. அப்படியொன்றைப் பார்க்கப் போனால் எஞ்சின் திறந்து வேலை செய்த பில்லைக் கேளுங்கள். பில் இல்லாவிட்டால் 4.2 லீற்றர் எஞ்சினோடு வந்ததைத் தேடுங்கள்.

மேல் ஹோஸ் சீக்கிரம் இறுகினால்

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆறின எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிழியுங்கள். தண்ணீர் இன்னும் சூடாகாத நேரத்தில் அது பழுத்த வாழைப்பழம்போல் அமுங்க வேண்டும். கல்லாக இறுகியிருந்தால் எரியும் வாயு கூலன்டுக்குள் புகுகிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் அல்லது ஹெட்டே வெடித்திருக்கும். துணைத் தாங்கியில் குமிழ் தொடர்ந்து வந்தாலும் அதே கதைதான். கூலன்ட் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் போகும் கியர் ஒயில் குழாய் உடைந்து இரண்டும் கலந்துவிட்டன. ரேடியேட்டர் மட்டுமல்ல, கியர்பெட்டியும் உங்கள் செலவு. இந்த மூன்றில் எதைக் கண்டாலும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

நெரிசலில் சூடு ஏறினால்

ஓட்டிப் பார்க்க ஹைவேயைத் தேடாதீர்கள். முதலில் மாலை ஆறு மணிக்குக் காலி வீதியில், பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை ஏசியை முழுக்கப் போட்டு ஊர்ந்து வாருங்கள். ஓடும்போது குளிராக இருந்த ஏசி நிற்கும்போது சூடான காற்றாக மாறி, வெப்ப முள்ளும் மெல்ல ஏறினால், காற்றாடியின் விஸ்கஸ் கிளட்ச் பலவீனம். அது விலை பேசும் குறை. முள் நடுவில் நின்றும் ஏசி மட்டும் குளிராவிட்டால் வாயு அல்லது கம்ப்ரெஸர். ஏழு பேர் இருக்கும் ஜீப்பில் பின்வரிசை ஏசிக்குத் தனி எவபொரேட்டர் உண்டு. அதன் குழாய் அடிப்பக்கத்தில் துருவேறிக் கசிவது வழமை, பின்னால் ஒருவரை இருத்தி அதையும் சோதியுங்கள். பிறகு கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் 100 இல் ஓட்டிப் பார்க்கலாம்.

கியர் தாமதித்தால், நடுங்கினால்

ஒட்டோ கியரில், ஆறின எஞ்சினோடு பிரேக்கை மிதித்து நடுநிலையிலிருந்து ஓட்ட நிலைக்குப் போடுங்கள். ஒரு வினாடிக்குள் வண்டி மெல்ல இழுக்க வேண்டும். மூன்று வினாடி யோசித்துவிட்டு 'டக்' என்று பிடித்தால் உள்ளே கிளட்ச் தேய்வு. 60 கிலோமீற்றர் வேகத்தில் அழுத்தாமல் போகும்போது, மேடுபள்ளப் பாதையில் ஓடுவதுபோல் நடுங்கினால், எஞ்சினையும் ஒட்டோ கியரையும் இணைக்கும் டோர்க் கன்வேர்ட்டரின் பூட்டுக் கிளட்ச். சில வண்டிகளில் கியர் ஒயில் மாற்றினால் இது சரியாகும், சிலவற்றில் ஆகாது. கராஜ்காரர் உறுதி சொன்னாலும் சரியாகாது என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள். கியர் ஒயிலை அளக்கும் கோல் உள்ள வண்டியில் ஒயிலை மணந்து பாருங்கள், கருகிய மணம் அடித்தால் விடுங்கள். புதிய கியர்பெட்டிகள் பலவற்றில் கோலே கிடையாது.

கொழும்பில் ஏற்றம் தேடுகிறவர்களுக்கு அடுக்குமாடிகளின் அடித்தளத் தரிப்பிடச் சரிவு போதும். அரைச் சரிவில் நிறுத்தி, கைப் பிரேக் பிடிக்கிறதா, ரிவர்ஸில் ஏறும்போது வழுக்குகிறதா என்று இரண்டையும் அங்கேயே பாருங்கள்.

நாலு சக்கர விளக்கு மினுங்கினால்

மொன்டேரோவில் இரு சக்கரத்திலிருந்து நாலு சக்கரத்துக்கு மாற்றியதும் டேஷ்போர்டில் சக்கர விளக்குகள் மினுங்கிக்கொண்டே இருந்தால், முன்பக்கம் பிடிக்கும் வெற்றிடக் குழாயோ சொலனொயிட்டோ கெட்டிருக்கும். பயப்படும் குறையில்லை. பிராடோ எந்நேரமும் நாலு சக்கரத்தில்தான் ஓடும், அதில் நடு டிஃப் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல்) பூட்டு விழுகிறதா என்று பாருங்கள். பற்றோல் போன்ற பகுதிநேர நாலு சக்கர வண்டியைத் தார் வீதியில் நாலு சக்கரத்தில் போட்டு வளைக்காதீர்கள், நல்ல கியரையும் உடைப்பீர்கள். மண் தரையில் சோதியுங்கள். கொழும்பில் பலரும் இந்த லீவரைத் தொட்டதே இல்லை. லீவர் இறுகிக் கிடந்தால் காரணம் அதுவாகவே இருக்கும்.

ஒரு பக்கம் சாய்ந்து நின்றால்

காலையில், சமதரையில், வண்டிக்கு நேர் பின்னால் பத்து அடி தள்ளி நின்று பாருங்கள். பின்பக்கம் முழுக்கத் தாழ்ந்திருந்து ஸ்டார்ட் பண்ணியதும் எழும்பினால் பின் சஸ்பென்ஷனின் காற்றுப் பை கசிகிறது. கேடிஎஸ்எஸ் என்ற, வளைவில் சாய்வைக் குறைக்கும் ஹைட்ரோலிக் அமைப்பு உள்ள பிராடோ 150 அல்லது லேண்ட் குரூஸர் 200 ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்த அமைப்பையும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும், இரண்டும் மலிவில்லை. ஸ்டியரிங் 80 இல் நடுங்கினால் முதலில் சக்கரச் சமன். சமன் செய்த பிறகும் நடுங்கினால் போல்ஜொயின்ட், புஷ்.

வீல் அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோனால் ஒன்று தெரியவரும். கீழ்க் கையைத் திருகிச் சரிசெய்யும் கேம் போல்ட் திரும்புகிறதா? துருவேறி இறுகியிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், அதுவரை அலைன்மென்ட் செய்யவே முடியாது. டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்த ஜீப்பில் இதைத் தேடுங்கள். டயர் பக்கத்திலுள்ள நாலு இலக்கம் அதன் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம்.

அடியில் புதுக் கறுப்புப் பூச்சு தெரிந்தால்

மரைன் டிரைவ் ஓரத்தில் வருடக் கணக்கில் நின்ற வண்டிக்கு உப்புக் காற்றுத்தான் முதல் எதிரி. இந்த ஜீப்புகள் தனி இரும்புச் சட்டத்தின் (சஸியின்) மேல் உட்கார்ந்தவை (மொன்டேரோ அப்படியில்லை, அதன் சட்டம் உடம்போடு ஒன்றாகச் சேர்ந்தது). விற்கப்போகிற வாரத்தில் அடியில் தார்ப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். சின்னச் சுத்தியலால் சட்டத்தின் பின்பகுதியை, ஸ்பெயார் சக்கரம் தொங்கும் இடத்தை, பின் கைகள் பொருந்தும் இடத்தைத் தட்டுங்கள். 'டங்' என்று ஒலித்தால் இரும்பு. 'பொத்' என்றால் துருவும் பூச்சும்தான். சட்டம் ஓட்டையானால் வெல்டிங் பேச்சு எதையும் கேட்க வேண்டாம்.

உள்ளே வாசனைத் திரவியம் அதிகமாக அடித்தால்

2016 மேயில் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மீண்டும் தண்ணீர் ஏறியது. மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வருகின்றன.

சென்ற வருடம் மாமாவோடு ஒரு மொன்டேரோ பார்க்கப் போனேன். சீற்றெல்லாம் புதுத் தோல், உள்ளே எலுமிச்சை மணம் மூக்கைத் துளைத்தது. மாமாவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. "மாமா, சீற் பெல்ட்டைக் கடைசிவரைக்கும் இழுங்கோ" என்றேன். இழுத்தார். வழக்கமாக வெளியே வரும் நீளம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு உருளையில் சுற்றியே கிடந்த பகுதியில் ஒரு கோடு விழுந்து, கோட்டுக்கு அந்தப்பக்கம் மண்ணிறமாக இருந்தது. மாமா விரலால் தேய்த்தார், மாப்போன்ற சேறு ஒட்டியது. ஒன்றும் பேசாமல் பெல்ட்டை விட்டார், அது 'சர்'ரென்று உள்ளே போனது. "வாங்கோ போவம்" என்றார்.

பெல்ட்டைக் கழுவ யாருக்கும் நேரம் இருக்காது என்று நம்பிவிடாதீர்கள், மாற்றியிருக்கவும் கூடும். சீற்றைப் பொருத்திய போல்ட்டில் துரு, கம்பளத்துக்கு அடியிலுள்ள இணைப்பிகளில் பச்சை, டிஃப் ஒயில் பாலாக இருப்பது, இவற்றையும் பாருங்கள். தண்ணீரில் நின்ற ஜீப்பின் கம்பிகள் ஒரு வருடம் கழித்துத்தான் தொல்லை தொடங்கும்.

எச்சரிக்கை விளக்கு எரியாவிட்டால்

எரிந்தால் மட்டும் கவலைப்படுகிறோம். சாவியைத் திருப்பியதும் எஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் எரிந்து, ஸ்டார்ட் பண்ணிய பிறகு அணைய வேண்டும். ஒன்று எரியவே இல்லையென்றால் அதை யாரோ எடுத்திருக்கலாம். மணிக்கூடு தவறான நேரம் காட்டி, ரேடியோ நிலையங்களும் அழிந்திருந்தால் பற்றரியை அண்மையில் கழற்றியிருக்கிறார்கள். பிழைக் குறிகளை அழிக்கவும் அப்படிச் செய்வதுண்டு. ஒரு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் பண்ணக் கேளுங்கள்.

மீட்டர் குறைவாகக் காட்டினால்

மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவது எளிது. பிரேக் மிதியின் ரப்பர், ஓட்டுநர் சீற்றின் வெளி ஓரம், ஸ்டியரிங்கின் பத்து மணி, இரண்டு மணி இடங்கள் ஆகியவை பொய் சொல்லாது. ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு ஒக்ஷன் ஷீட் (அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிய தாள்) இருக்கும். அதிலுள்ள கிலோமீற்றரையும் தரத்தையும் சஸி இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். தர இடத்தில் ஆர் என்று இருந்தால் விபத்தில் திருத்திய வண்டி. விற்பவர் தரும் போட்டோப் பிரதியை வைத்து முடிவெடுக்காதீர்கள், சஸி இலக்கத்தைக் கொண்டு நீங்களே எடுப்பியுங்கள்.

காகிதம் பொருந்தாவிட்டால்

எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இங்கே தவறினால் ஜீப்பும் போகும், காசும் போகும். சட்டவிரோதமாகப் பொருத்திப் போலி ஆவணத்தில் பதிந்த ஜீப்புகளைப் பொலிசார் கையகப்படுத்திய செய்திகள் நாம் வாசித்தவைதான். கடைசியில் வைத்திருந்தவரும் அதில் மாட்டிக்கொள்வார்.

பிராடோவின் சஸி இலக்கம் முன் வலது சக்கரத்துக்கு உட்பக்கம் சட்டத்தில் குத்தப்பட்டிருக்கும். ஈரத் துணியால் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து வாசியுங்கள். எழுத்துகளின் ஆழம் ஒன்றாக இருக்கிறதா? சுற்றி கிரைண்டர் கோடு உண்டா? அந்த இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் சீஆர் புத்தகத்தோடு (வாகனப் பதிவுச் சான்றிதழோடு) ஒப்பிடுங்கள். சீஆரில் அப்சொலூட் ஓனராக (முழு உரிமையாளராக) லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பெர்மிட்டில் (வரிச்சலுகை அனுமதியில்) இறக்கியதானால் கைமாற்றத் தடைக்காலம் முடிந்ததா என்று அதிலேயே பாருங்கள்.

'ஓபன் பேப்பர்' என்று சொல்லி, இரண்டு மூன்று கைக்கு முன்னால் இருந்தவர் கையெழுத்திட்ட எம்டிஏ 6, எம்டிஏ 8 படிவங்களைத் தருவார்கள். உங்களுக்கு விற்பவரின் பெயர் சீஆரிலேயே இருக்காது. பதிவு உரிமையாளரின் அடையாள அட்டையைப் பார்த்து, அவரோடு நேரில் பேசாமல் அப்படி வாங்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கட்டணம் கட்டி வாகன விபரத்தை எடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் பாக்கியில்லாமல் இருக்கிறதா, புகைச் சான்றிதழ் இந்த வருடத்துக்குரியதா என்றும் பாருங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில்

எஞ்சின் ஒயில், வடிகட்டிகள், கியர் ஒயில், முன் பின் டிஃப் ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில், எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழையவர் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள். 1கேடி எஞ்சினென்றால் ஒயில் மாற்றும் அன்றே சம்பை இறக்குங்கள்.

மாமா இரண்டு மாதம் பொறுத்து ஒரு பிராடோ எடுத்தார். மூன்று தரமும் விடியற்காலையிலேயே போய்ப் பார்த்தோம். சம்பை இறக்கிய அன்று நானும் கராஜில் நின்றேன். பாஸ் வலையைத் துணியால் துடைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். அதன் ஒவ்வொரு கண்ணுக்குள்ளாலும் வானம் தெரிந்தது.